இருக்கை எவ்வளவு அமிழ வேண்டும்?

ஆலங்குடியில் என் தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்று நிற்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது அதன் பெயர். சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் பத்தாண்டுகள் இவ்வகைக் கார்கள் உருவாகி வந்தன. இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு காரின் இந்தியப் பதிப்பு இது. அதன் உடலை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அவரே வரைந்த வேறோர் உடலை அதன்மேல் பொருத்தி 1962இல் வெளிவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். எனவே, "நம்ம வண்டியும் பந்தயக் குதிரைக்குத் தம்பிதான்" என்று மாமா பெருமையாகச் சொல்வது முழுப் பொய்யன்று.

சென்ற சித்திரையில் இந்தக் குதிரையின் சேணம் அறுந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் மாமா உட்கார்ந்ததும் அடியில் ஏதோ 'டப்'பென்று விட்டது. அவர் ஒரு பக்கமாகச் சரிந்து உள்ளே போய்விட்டார். எழுபதைத் தாண்டியவர். மாதம் இருமுறை அத்தையைப் புதுக்கோட்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அந்தக் காரில்தான். "நீ இயற்பியல் வாத்தியாராச்சே மாப்ளே, ஒரு வழி சொல்லு" என்றார். நானும் சொன்னேன். நான் சொன்ன வழி தவறு! அந்தத் தவற்றிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

முதலில் இருக்கையின் உள்ளே என்ன இருந்தது என்று பார்ப்போம். வெளியுறையைப் பிரித்ததும் மஞ்சள் நிறத் தூள் கொட்டியது. அது ஒரு காலத்தில் மெத்தென்ற நுரைப்பஞ்சாக இருந்தது. அதன் கீழே எஃகுக் குழாயாலான சட்டம். சட்டத்தின் இரு பக்கங்களையும் இணைத்துக் கயிற்றுக் கட்டிலைப் போல ரப்பர்ப் பட்டைகள் இழுத்துப் பூட்டப்பட்டிருந்தன. அவற்றில் மூன்று அறுந்து தொங்கின; மற்றவை தொய்ந்து, குறுக்கே வெடிப்பு விட்டிருந்தன.

பேருந்து இருக்கைகளிலும் பழைய சோபாக்களிலும் எஃகுச் சுருள்வில்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கே மட்டும் ஏன் ரப்பர்? சுருள்வில்லுக்கு உயரம் வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் கூரை தாழ்வு, தரையும் தாழ்வு. ஓட்டுநர் ஏறக்குறையக் காலை நீட்டிப் படுத்தவாறு அமர்கிறார். பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள சுருளுக்கு அங்கே இடமேது? சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அக்காலத்து ஆங்கிலேயச் சிறு கார்கள் பலவற்றில் இம்முறையே இருந்தது. இன்று அவற்றைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் காண்பதும் மாமா கண்ட அதே அறுந்த பட்டைகளைத்தான்.

ரப்பர் ஏன் அறுகிறது?

ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். இடியாப்பத்தைப் போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பவை. ரப்பரை இழுத்தால் சங்கிலிகள் ஓரளவு நேராகின்றன; விட்டால் மீண்டும் சிக்கலுக்கே திரும்புகின்றன. எஃகுச் சுருள் மீள்வதற்கு அணுக்களிடையே உள்ள கவர்ச்சி விசை காரணம். ரப்பர் மீள்வதற்கோ ஒழுங்கின்மையை நாடும் இயல்பே பெருங்காரணம். இதை உங்கள் உதட்டைக் கொண்டே சோதிக்கலாம். அகலமான ரப்பர் வளையம் ஒன்றை உதட்டருகே பிடித்துச் சட்டென்று இழுத்து, உடனே உதட்டில் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். சற்றுப் பொறுத்து, இழுப்பைச் சட்டென்று தளர்த்தித் தொட்டால் குளிர்ச்சி தெரியும். ஜான் கஃப் என்பவர் 1805இலேயே இதைக் கண்டு எழுதினார். அரை நூற்றாண்டுக்குப் பின் ஜூல் அதனை அளந்தார். இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கையானது. எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கும். எடை மேலே ஏறும்!

அப்படியானால் ஆலங்குடி வெயிலில் காய்ந்த கார் இருக்கை இறுகத்தானே வேண்டும், ஏன் தொய்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சூட்டினால் உடனே நிகழ்வது சுருக்கம்தான். ஆனால் பல்லாண்டுகளாக நிகழ்வது வேறு. சங்கிலிகள் விலகாதிருக்கக் கந்தகத்தைக் கொண்டு அவற்றைக் குறுக்கே பிணைக்கிறார்கள் (சார்லஸ் குட்இயர் 1839இல் கண்ட முறை இது). காற்றிலுள்ள ஆக்சிஜன் சங்கிலிகளையும் பிணைப்புகளையும் மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பம் அவ்வேலையை விரைவுபடுத்துகிறது. மிகச் சிறிதளவே உள்ள ஓசோனோ, இழுத்து நிறுத்திய ரப்பரைத் தேடிப் பிடித்துத் தாக்குகிறது. இழுவிசைக்குச் செங்குத்தாக வெடிப்பு ஓடினால் அது ஓசோனின் கைவரிசை என்று கொள்ளலாம். இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றை அட்டையில் இழுத்து மாட்டியும் மற்றதைத் தளர்வாகவும் மொட்டைமாடியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். எது முதலில் வெடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நான் செய்த தவறு

"ரப்பர் அறுந்ததால்தானே தொல்லை? ரப்பரே வேண்டாம். சட்டத்தின்மேல் பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் நல்ல கெட்டியான ஃபோம் வைத்து மூடிவிடலாம்." இதுதான் நான் சொன்ன யோசனை. குஷன் வேலை செய்பவர் தயங்கினார். "சார், பலகை போட்டா திண்ணையில உக்காந்த மாதிரிதான் இருக்கும்" என்றார். கல்லூரியில் இருபதாண்டு பாடம் நடத்தியவன் அதைக் காதில் வாங்குவேனா? "நீங்க போடுங்கண்ணே" என்றேன். கடையில் இருந்ததிலேயே உயர்ந்த 'டென்சிட்டி' ஃபோம், இரண்டு அங்குலக் கனம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

அடுத்த முறை புதுக்கோட்டை சென்று திரும்புகையில், வம்பன் நால்ரோட்டில் மாமா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். இடுப்பில் வலி, வலது கால் மரத்துப்போய்ப் பிரேக் மிதி எங்கிருக்கிறது என்றே தெரியவில்லையாம். மரத்த காலோடு பிரேக்கைத் தேடுவது விளையாட்டன்று. வேறொருவரை வரவழைத்து வண்டியை வீடு சேர்த்தோம். "வித்துடலாம் மாப்ளே, போதும்" என்றார். அன்றிரவு நான் சரியாக உறங்கவில்லை.

மறுநாள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். முதலில் மரத்துப்போன காலுக்குக் காரணம் தேடுவோம். மாமாவின் எடை 60 கிலோகிராம்; விசையாகச் சொன்னால் ஏறத்தாழ 590 நியூட்டன். காலும் முதுகும் தாங்கியது போக முக்கால் பங்கு, அதாவது சுமார் 440 நியூட்டன், இருக்கையின் மேல் விழுகிறது. பலகையின்மேல் மெல்லிய கெட்டி ஃபோம் இருந்தால், இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளைச் சுற்றியே பெரும்பாரம் இறங்கும். தாங்கும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.2 நியூட்டன். உடல் நன்றாகப் பதிந்து தொடை முழுவதும் தாங்கினால் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டராகும், அழுத்தம் 0.44 நியூட்டனாகக் குறையும். தோலின் நுண்குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். அதை இதே அலகில் மாற்றிப் பாருங்கள்: 0.43 நியூட்டன்! வெளியழுத்தம் இதைப்போல் ஐந்து மடங்கானால் அங்கே இரத்த ஓட்டம் என்னாகும்? நரம்பும் நசுங்கும். கால் மரக்காமல் வேறென்ன செய்யும்?

ஆனால் இடுப்புவலிக்கு இது முழு விடையாகவில்லை. வீட்டுத் திண்ணையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து சீட்டாடுபவர்தானே மாமா! திண்ணையில் இல்லாதது ஒன்று காரில் இருக்கிறது. அதுதான் அதிர்வு.

ஐந்து என்னும் எண்

சுருள்வில்லில் தொங்கும் எடையின் அலைவு நேரத்தை ஆய்வகத்தில் கண்டிருப்பீர்கள். நிறையைச் சுருள் மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28ஆல் பெருக்கினால் அலைவு நேரம் கிடைக்கும். இருக்கையின் சுருள் மாறிலியை எங்கே தேடுவது? தேட வேண்டியதில்லை. ஆள் உட்கார்ந்ததும் இருக்கை எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்தால் போதும். எடையும் மீட்சிவிசையும் சமமாகும் இடத்தில்தான் அமிழ்வு நிற்கிறது. ஆகவே, நிறையை மாறிலியால் வகுத்தால் வரும் எண்ணும், அமிழ்வை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வரும் எண்ணும் ஒன்றே. அமிழ்வைச் சென்டிமீட்டரிலும், ஈர்ப்பு முடுக்கத்தை 980 என்றும் எடுத்துச் சுருக்கினால் அழகான விதி ஒன்று கிடைக்கிறது:

இயல்பு அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) = 5 ÷ √அமிழ்வு (செ.மீ.)

980இன் வர்க்கமூலத்தை 6.28ஆல் வகுத்தால் 4.98 வருவதால்தான் இந்த ஐந்து. உட்காருபவர் குண்டா ஒல்லியா என்ற கேள்விகூட இதில் எழவில்லை, பார்த்தீர்களா! (ஃபோம் ஹூக் விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை, அமுக்க அமுக்கக் கெட்டியாகும். எனவே உண்மை அதிர்வெண் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். நம் கணக்குக்கு இது போதும்.)

மாமாவின் சட்டையில், இடுப்பெலும்புக்கு நேரே சாக்பீஸால் குறியிட்டேன். பாரத்தைக் காலிலும் கையிலும் தாங்கி இருக்கையை மட்டும் தொட்டு நிற்கச் சொல்லி ஓர் அளவு. முழுவதும் உட்கார்ந்த பின் ஓர் அளவு. வேறுபாடு ஒரே ஒரு சென்டிமீட்டர். அப்படியானால் அதிர்வெண்? ஐந்து ஹெர்ட்ஸ்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்று சொல்கிறேன். மனித உடலும் சுருள்களின் தொகுதிதான். முதுகெலும்பின் வட்டுகள், வயிற்றுறுப்புகள், தசைகள் எல்லாம் தத்தம் போக்கில் மீளும் தன்மையுடையவை. உட்கார்ந்திருக்கும் மனிதனை மேலும் கீழுமாக அதிரச் செய்தால், 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வே அவனை மிகுதியாகத் துன்புறுத்துகிறது என்பது பன்னாட்டுத் தர அளவைகளே ஏற்ற செய்தி. உடலின் முதன்மை ஒத்ததிர்வு ஏறக்குறைய 5 ஹெர்ட்ஸில் நிகழ்கிறது. நானோ இருக்கையையும் அதே ஐந்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்!

சாலையும் தன் பங்குக்கு உதவி செய்தது. மேடுபள்ளங்கள் இரண்டு மீட்டர் இடைவெளியில் வரும் சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், போனால் நொடிக்கு ஐந்து குலுக்கல்கள். அங்கங்கே ஒட்டுப்போட்ட தார்ச்சாலையில் மாமா ஓட்டும் வேகமும் அதுவேதான். சாலை, இருக்கை, முதுகு மூன்றும் ஒரே தாளத்தில் ஆடின. ஊஞ்சலை அதன் தாளத்திற்கே தள்ளுவது போலத்தான்.

சரி, அமிழ்வு நான்கு சென்டிமீட்டராக இருந்தால்? 4இன் வர்க்கமூலம் 2, அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ். சாலையின் ஐந்து ஹெர்ட்ஸ் இதைப்போல் இரு மடங்கு. அலைவுகள் பற்றிய பாடத்தின்படி, இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும் குலுக்கலில் மூன்றில் ஒரு பங்கே மேலே ஏறும். தடையைக் கணக்கில் சேர்த்தால் சற்றுக் கூடும், அவ்வளவே. அப்படியானால் இன்னும் மென்மையாக்கி 25 சென்டிமீட்டர் அமிழவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் ஆகும். காரின் அடியிலுள்ள பெரிய சுருள்களின் மேல் காரின் உடல் ஆடுவதும் ஒன்று முதல் ஒன்றரை ஹெர்ட்ஸில்தான். இரண்டும் சேர்ந்துகொண்டால் படகில் போவதுபோல் வாந்தி வரும். அதோடு, ஸ்டியரிங்கிற்கு மேலே கண் தெரிய வேண்டாமா?

இரண்டாம் முறை

மீண்டும் அதே குஷன் கடை. "பலகையை எடுத்துடலாம்ணே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார். குழாய்ச் சட்டத்தில் துருவைத் தேய்த்து வண்ணம் பூசினோம். சோபாவுக்குப் போடும் ரப்பர்ப் பட்டை வாங்கி, 30 சென்டிமீட்டருக்கு ஒரு குறியிட்டு, அது 33 ஆகும்வரை இழுத்துக் கொக்கியில் மாட்டினோம். எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே இழுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிகம் இழுத்த பட்டையே பாரத்தையெல்லாம் தாங்கி முதலில் அறும். பட்டைகளின் மேல் சாக்குத்துணி, அதன்மேல் ரப்பர்ப் பால் தெளித்துப் பதப்படுத்திய தென்னைநார் விரிப்பு ஒன்று, அதற்கு மேல் ஃபோம்.

தென்னைநாரா என்று வியக்க வேண்டாம். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரிலேயே இருக்கைக்குள் தென்னைநார் இருந்தது. சுருட்டிய நார்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் ரப்பர் ஒட்டுப் போடுகிறது. நார்கள் வளைந்து மீள்கின்றன, உராயவும் செய்கின்றன. இந்த உராய்வு முக்கியம். வெறும் சுருள்வில்லாக மட்டும் இருக்கை அமைந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்தபின் பத்து முறை குதித்துக்கொண்டேயிருப்போம். அதிர்வின் ஆற்றலை விழுங்க ஏதாவது வேண்டும். நார் உராய்ந்து விழுங்குகிறது. ஃபோம் தன் நுண்ணறைகளிலுள்ள காற்றைச் சிறு துளைகளின் வழியே வெளியேற்றி விழுங்குகிறது. அமுக்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதும் விடும்போது திரும்புவதில்லை. காந்தவியலில் நீங்கள் படிக்கும் தயக்கக் கண்ணியை இங்கேயும் வரையலாம்: எடை போட்ட செங்கற்களை ஒவ்வொன்றாக மெத்தையின் மேல் ஏற்றியும் இறக்கியும் அமிழ்வைக் குறித்து வரைபடம் வரைந்தால், ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றாகப் பொருந்தா. இடையிலுள்ள பரப்பே விழுங்கப்பட்ட ஆற்றல். (நார் எங்கள் பக்கத்துத் தோப்புகளுடையதா என்று கேட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக வைத்த கன்றுகள் பல இப்போதுதான் காய்க்கின்றன. கடைக்காரருக்கு அது தெரியவில்லை.)

ஃபோம் வாங்குவதில் ஒரு பாடம் கற்றேன், உங்களுக்கும் உதவும். கடையில் 'எத்தனை டென்சிட்டி' என்று கேட்பார்கள். 32 என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் நிறை 32 கிலோகிராம் என்று பொருள். அது அடர்த்தி, கெட்டித்தன்மையன்று. கெட்டித்தன்மை என்பது ஒரு வட்டத் தகட்டால் அழுத்தி, மெத்தையின் கனத்தில் 40 விழுக்காடு உள்ளே போகச் செய்யத் தேவையான விசை. ஒரே அடர்த்தியில் மென்மையாகவும் கெட்டியாகவும் ஃபோம் தயாரிக்கலாம். அடர்த்தி கூடினால் பொதுவாக நீண்டநாள் உழைக்கும். நான் முதலில் உழைப்பைக் கேட்டு வாங்காமல் கெட்டியைக் கேட்டு வாங்கியிருந்தேன். இம்முறை அடர்த்தி மிக்கதாக, ஆனால் கை வைத்தால் இணங்கிக் கொடுப்பதாகத் தேர்ந்தோம்.

கதவுப்பக்க ஓரத்தில் மட்டும் சற்றுக் கெட்டியான துண்டு ஒன்றை ஒட்டச் சொன்னார் குஷன்காரர். ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ஓரம்தான் நசுங்குகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. 75 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், 60 கிலோகிராம் மனிதரை வளைவோடு திருப்ப 180 நியூட்டன் மையநோக்கு விசை தேவை. அதைக் கொடுப்பது யார்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. இருக்கையின் உயர்ந்த ஓரம்தான் கொடுக்க வேண்டும்.

உறை ரெக்சின். மிக இறுக்கித் தைத்தால் மேளத்தோல் போலாகி, உள்ளேயுள்ள ஃபோமை வேலை செய்யவிடாது. காற்று புகாத துணியாதலால் அடிப்பக்கத்தைச் சாக்குத்துணியாகவே விட்டோம். ஃபோம் மூச்சுவிட வேண்டுமே. வெயிலில் நின்ற வண்டியின் ரெக்சினில் வேட்டியோடு உட்காருவது எப்படியிருக்கும் என்பதற்கு மட்டும் இயற்பியலில் மருந்தில்லை. மாமா ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்கிறார்.

மறுபடி சாக்பீஸ் குறி, மறுபடி அளவு. மூன்று சென்டிமீட்டரும் எட்டு மில்லிமீட்டரும். வர்க்கமூலத்தை நீங்களே கண்டு வகுத்துப் பாருங்கள். அன்று மாலையே மாமா அத்தையை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை வரை போய்த் திரும்பினார். வம்பனில் நிறுத்தினாராம், ஆனால் தேநீர் குடிக்க.

மூன்று மாதம் கழித்து அளந்தபோது நான்கு சென்டிமீட்டரும் இரண்டு மில்லிமீட்டரும் இருந்தது. தொடர்ந்து இழுபட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் மெல்ல நீளும். புதிய ஃபோமும் முதல் சில மாதங்களில் சற்று அயர்ந்து இளகும். ஐந்தரையைத் தாண்டினால் பட்டைகளை மறுபடி இழுத்துக் கட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம். இருக்கையின் குழாய்ச் சட்டத்தில் மாமா தேதியையும் அளவையும் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வரிகள் ஆகியிருக்கின்றன, மூன்றாவது பொங்கலன்று.